எட்டு மணிக்குப் பச்சை

ஆகஸ்ட் 14, திங்கள்

எட்டு மணிக்குப் பச்சை. அப்பாடா.

அந்த நேரத்தில் நான் என் வீட்டுக்காரர் ஜின்-ஃபாவை ஒருக்களித்துப் படுக்கவைத்து முதுகு துடைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு கையும் ஈரம். கணினி தானாக விழித்து, தானாக ஆபீஸ் லைனான விபிஎன் போட்டு, என் பெயரையும் பாஸ்வேர்டையும் தானே கொடுத்து, ஆபீஸுக்குள் போய் எனக்குப் பதிலாக உட்கார்ந்துகொண்டது. திரையின் மேல்விளிம்பில் பச்சைப் பட்டை. இதையெல்லாம் செய்கிற குட்டி நிரலை, இந்த ஸ்கிரிப்டை, எழுதியது நான்தான் என்று எனக்கே இன்னும் நம்பிக்கை வரவில்லை. வால்வு கம்பெனியில் ஏற்றுமதி ஆர்டர் பார்க்கிறவள் நான். கணினி பார்க்க வரும் ஆ-கெங் பாதி சொல்லிக்கொடுத்தான், மீதியை முட்டி மோதிக் கற்றுக்கொண்டேன். ஆபத்து வந்தால் எதுவும் தலையில் ஏறும் போலிருக்கிறது.

முதலாளியம்மா தினமும் எட்டு மணிக்குப் பட்டியலைத் திறந்து, யார் உள்ளே இருக்கிறார்கள் என்று பார்ப்பார். மே மாதம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "வீட்டுலேருந்தே பாரு பீ-யுன், நான் ஒண்ணும் கல்நெஞ்சக்காரி இல்ல. ஆனா எட்டு மணிக்கு ஒம் பேரு தெரியணும். தெரியலைன்னா ஆபீஸுக்கு வந்துடணும். மத்தவங்களுக்கு நான் பதில் சொல்லணும்ல?" நான் ஆபீஸுக்குப் போனால் இவரை யார் பார்ப்பது? முதலாளியம்மா அதைக் கேட்கவில்லை.

மார்ச்சில் வந்த பக்கவாதம் இவருடைய வலது பக்கத்தையும் பேச்சையும் கொண்டுபோய்விட்டது. இடது கை மிச்சம். வீட்டில் பிளக் இருக்கிற ஒரே நல்ல மூலை கட்டிலுக்கு எதிரில், அதனால் திரையை நாள் முழுக்க அவரும் பார்க்கிறார். லைன் அறுந்து பட்டை சிவப்பானால் மோதிர விரலால் கட்டில் கம்பியில் தட்டுவார். டங். ஆயுசெல்லாம் பஸ் ஓட்டியவர், சிவப்பைப் பார்த்துவிட்டுச் சும்மா இருப்பாரா? நான் அடுப்படியிலிருந்து "பாத்துட்டேன், பாத்துட்டேன்!" என்று கத்துவேன். ஓடி வருவதற்குள் ஸ்கிரிப்ட் லைனை மறுபடி கட்டியிருக்கும். அவர் முகத்தில் ஒரு பெருமை வரும், தானே கட்டியதுபோல.

இந்த வீட்டில் இப்போது நடக்கிற ஒரே பேச்சு அதுதான்.

ஆகஸ்ட் 15

பச்சை. மழை. துணி காயவில்லை.

ஆகஸ்ட் 17

ஆ-கெங் செய்தி அனுப்பியிருந்தான். வெளியிலிருந்து வந்து எங்கள் கம்பெனிக் கணினிகளைப் பார்த்துக்கொடுக்கும் பையன். முப்பது தாண்டியும் எனக்குப் பையன்தான். "அக்கா, மெஷின் மேல பொட்டலம் இருக்கா? தேதியப் பாருங்க."

குவாய் குவாய் பொட்டலத்தைக் கேட்கிறான். தேங்காய் வாசனைப் பொரி. 'சமத்தா இரு' என்று பெயரிலேயே சொல்கிற தின்பண்டம், கணினியின் தலையில் வைத்தால் அது மக்கர் பண்ணாதாம். பச்சை உறைதான் வேண்டும், மஞ்சள் வைத்தால் மெஷின் முறைத்துக்கொள்ளும். தேதி முடிவதற்குள் மாற்ற வேண்டும். பொட்டலம் இருக்கிற மெஷினை யாரும் தொடமாட்டார்கள், ஆபீஸில் பெருக்குகிற அம்மாகூடச் சுற்றித்தான் பெருக்குவார். மே மாதம் என் ஆபீஸ் கணினியில் ஸ்கிரிப்டை முதன்முதலில் ஓட்டிப் பார்த்தபோது ஆ-கெங் ஒன்றைக் கொண்டுவந்து அதன் தலையில் வைத்துக் கும்பிட்டான். சிரித்தேன். ஆனால் ஓடியது. அதனால் வீட்டிலும் ஒன்று வைத்தேன்.

தேதி பார்த்தேன். அக்டோபர் வரை இருக்கிறது.

ஆகஸ்ட் 23

யுவே-ஓ அண்ணி வந்தார், ஜின்-ஃபாவின் அக்கா. ஒரு பை கொய்யா கொண்டுவந்தார். இவருக்குக் கஞ்சியும் கெட்டியாக்கிய தண்ணீரும்தான் இறங்கும், கொய்யா யாருக்கு என்று கேட்கவில்லை.

"பூலி இல்லத்துல ஒரு எடம் காலியாகப்போகுதாம். கியூ எவ்வளவு நீளம் தெரியுமா? வந்தா விட்டுடாத."

"அண்ணி, அவருக்குக் காது கேக்குது. மெதுவா."

"கேக்கட்டும். எந் தம்பிதான? ஒன் இடுப்பு போயிட்டா அவனை யாரு தூக்குவா? இந்த முட்டிய வச்சுக்கிட்டு நானா?"

கெட்டவர் இல்லை. சொல்வதில் தப்பும் இல்லை. அதுதான் எரிச்சல்.

ஜூலையில் அந்தப் பராமரிப்பு இல்லத்தைச் சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று இவரைச் சக்கர நாற்காலியில் கூட்டிப்போனோம். அங்கே வாசலில் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார் இடது கையால். மூன்று பேர் சேர்ந்தும் அந்த விரல்களைப் பிரிக்க முடியவில்லை. "எங்கயும் விடமாட்டேன், சத்தியமா" என்று நான் காதில் சொன்ன பிறகுதான் விட்டார்.

ஆகஸ்ட் 30

ஆபீஸில் பேய் மாதப் படையல், பசியோடு அலையும் ஆவிகளுக்கு. என் பக்கத்து மேஜை லி-சுவான் படம் அனுப்பினாள். வாசல் நீளத்துக்கு மேஜை போட்டு முழுக் கோழி, டப்பா டப்பாவாக பானம், குவியல் குவியலாகப் பச்சைப் பொட்டலம். "புது மேஜையெல்லாம் வந்தாச்சுக்கா! உங்க எடமே அடையாளம் தெரியல!" என்று எழுதியிருந்தாள்.

முதலாளியம்மாவின் செய்தியும் வந்தது. வழக்கம்போல் தாமரைப் படம், அதன்மேல் 'காலை வணக்கம், மன அமைதியே பெரும் செல்வம்'. கீழே: ஒன்றாம் தேதி எல்லாரும் பாஸ்வேர்டு மாற்ற வேண்டும்.

செப்டம்பர் 1, வெள்ளி

மாற்றினேன். ஸ்கிரிப்டிலும் மாற்றினேன். ஓட்டிப் பார்த்தேன், பச்சை. நானே எனக்குக் கைகொடுத்துக்கொண்டேன்.

கஞ்சி ஊட்டிக்கொண்டிருக்கும்போது டங். திரும்பிப் பார்த்தேன், சிவப்பு. சரி, கட்டிக்கொள்ளும் என்று விட்டுவிட்டேன். டங். டங். கட்டவில்லை. 'அக்கவுண்ட் பூட்டப்பட்டது' என்று வந்தது.

ஆ-கெங்கைக் கூப்பிட்டேன். "தப்பான பாஸ்வேர்டு அஞ்சு தடவை போட்டா பூட்டிக்கும்க்கா. திறந்துவிடுறேன்." திறந்தான். பச்சை வந்தது. இவர் வாயைத் துடைத்துவிட்டு வருவதற்குள் மறுபடி பூட்டு.

செப்டம்பர் 4

பூட்டு. திறப்பு. பூட்டு. ஸ்கிரிப்டை எழுத்து எழுத்தாகப் படித்தேன். பாஸ்வேர்டு சரி. பெரிய எழுத்து, சின்ன எழுத்து எல்லாம் சரி. பிறகு ஏன்?

எட்டு மணிக்கு என் பெயர் இல்லை. முதலாளியம்மாவின் செய்தியில் இன்று தாமரையும் இல்லை. 'எங்கே?' என்று ஒரே சொல்.

செப்டம்பர் 5

டங் டங் டங் டங். "பாத்துட்டேன்னு சொல்றேன்ல! என்னை என்ன பண்ணச் சொல்ற?" என்று அவர்மேல் கத்திவிட்டேன். கையை மடியில் வைத்துக்கொண்டார். நான் என்ன மனுஷி.

செப்டம்பர் 7

முதலாளியம்மா போனில்.

"எனக்கு இந்த விபிஎன், ஸ்கிரிப்ட் எதுவும் புரியாது. ஒன் பேரு இருந்துச்சு, இப்ப இல்ல. ரோட்டர்டாம் ஆர்டர் அப்படியே கெடக்கு."

"அம்மா, ஆ-கெங்கை ஆபீஸுக்கு வரச்சொல்லி ஒரு தடவை பாக்கச் சொல்லுங்க—"

"ஆபீஸ்ல எல்லாருக்கும் நல்லாத்தான ஓடுது? ஒங்க வீட்டுலதான் கோளாறு. அங்க வந்து பாக்கச் சொல்லு."

சரிதானே. எல்லாருக்கும் ஓடுகிறது. எனக்கு மட்டும்தான் ஓடவில்லை. அப்படியென்றால் கோளாறு என்னிடம்.

செப்டம்பர் 8

ஆ-கெங் வேலை முடிந்து வந்தான். ஸ்கிரிப்டையே எடுத்துவிட்டான். "இப்ப இந்த மெஷின் எதையும் தானா போடாது. கையால போடுங்கக்கா." ஒவ்வொரு எழுத்தாகப் போட்டேன். பச்சை. மூன்று பேரும் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். ஆ-கெங் தேநீரைக் குடித்து முடிக்கவில்லை, டங்.

"அக்கா, ஒங்களுக்கு யாராச்சும் எதிரி இருக்காங்களா? யாரோ ஒங்க பேர்ல கதவைத் தட்டிக்கிட்டே இருக்காங்க."

"எதிரி வச்சுக்க எனக்கு ஏதுடா நேரம்? எங்கேருந்து தட்டுறான்னு பாரு."

"அது இங்கேருந்து தெரியாது. ஆபீஸ்ல அந்த சர்வர் பெட்டி முன்னாடி உக்காந்தாத்தான் தெரியும். முதலாளியம்மா கூப்பிடணும்." தலையைச் சொறிந்தான். பிறகு எழுந்து பழைய பொட்டலத்தை எடுத்துவிட்டுத் தன் பையிலிருந்து புதுசு ஒன்றை வைத்தான். பாவம், அவனால் முடிந்தது அதுதான்.

யார் தட்டுகிறார்கள்? என் பெயரை வைத்து யாருக்கு என்ன வேண்டும்?

செப்டம்பர் 11, திங்கள்

முடிந்தது. அடுத்த திங்கள் முதல் ஆபீஸ். "நானும் எவ்வளவு நாள்தான் பொறுப்பேன், சொல்லு" என்றார் முதலாளியம்மா. குரலில் கோபம்கூட இல்லை. கோபம் இருந்திருந்தால் கெஞ்சியிருப்பேன்.

வேலையை விட்டுவிடலாமா? விட்டால் சாப்பாடு? ஆள் வைக்கலாமா? கேட்டுப் பார்த்தாச்சு, ஒரு வாரத்தில் யாரும் கிடைக்கமாட்டார்கள். அண்ணியால் தூக்க முடியாது. எந்தப் பக்கம் போனாலும் சுவர்.

செப்டம்பர் 12

பூலியிலிருந்து அழைப்பு, இடம் காலி என்று. நாளைக்குள் சொல்ல வேண்டுமாம். கடவுளுக்கு நேரம் பார்க்கத் தெரிகிறது.

செப்டம்பர் 13

சரி என்று சொல்லிவிட்டேன்.

செப்டம்பர் 16, சனி

கூட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டேன். எழுதித்தான் ஆக வேண்டும், எழுதாவிட்டால் இன்று நடந்தது இல்லையென்று ஆகிவிடுமா.

பூலிச் சாலை அவர் பஸ் ஓட்டிய சாலை. வேனில் நாற்காலியைக் கட்டி உட்கார்ந்திருந்தவர், ஒவ்வொரு நிறுத்தம் வரும்போதும் இடது கையை லேசாகத் தூக்கினார். கதவு திறக்கிற பொத்தான் இருக்கும் இடம் அது. எங்கே போகிறோம் என்று முதல் நிறுத்தத்திலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகும் எல்லா நிறுத்தத்திலும் தூக்கினார்.

வாசலில் நிலையைப் பிடித்துக்கொள்வார் என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டு போயிருந்தேன். என்ன சொல்வது, எப்படி விரலைப் பிரிப்பது என்று வழியெல்லாம் ஒத்திகை. பிடிக்கவில்லை. நிலை பக்கத்தில் வந்து போயிற்று. கை மடியிலேயே கிடந்தது.

பிடிச்சிருக்கலாமேய்யா. ஒரே ஒரு தடவை பிடிச்சிருந்தா நான் அப்படியே திருப்பிக் கூட்டிட்டு வந்திருப்பேனே.

விரல் வீங்கும் என்று மோதிரத்தைக் கழற்றி ஒரு உறையில் போட்டு என்னிடம் கொடுத்தார்கள். இந்த வீட்டில் எவ்வளவு அமைதி. சனியன்.

செப்டம்பர் 18, திங்கள்

ஆபீஸ். புது மேஜை, புதுக் கணினி. லி-சுவான் முட்டைப் பணியாரம் வாங்கி வைத்திருந்தாள். உட்கார்ந்தேன், பெயர் போட்டேன், பாஸ்வேர்டு போட்டேன். உள்ளே போனேன். பணியாரத்தைக் கடித்தேன்.

அக்கவுண்ட் பூட்டப்பட்டது.

ஆபீஸில், முதலாளியம்மாவின் கண்ணெதிரில். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு தானே ஆ-கெங்குக்குப் போன் போட்டார். இரண்டு வாரமாக நான் கெஞ்சிய போன்.

வந்து பெட்டியின் முன்னால் உட்கார்ந்தவன் கொஞ்ச நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தான். முகமே சரியில்லை. "அக்கா, தட்டுறது வெளியிலேருந்து இல்ல. நம்ம ஆபீஸுக்குள்ளேருந்தே வருது. நிமிஷத்துக்கு ஒரு தடவை."

நிமிஷத்துக்கு ஒரு தடவை. அதை எழுதியது நான்தானே. லைன் இல்லையென்றால் ஒரு நிமிஷம் பொறு, மறுபடி தட்டு.

"என் பழைய மெஷின் எங்க?" என்றேன்.

லி-சுவான் சரக்கு அறையைக் காட்டினாள். மூலையில், தனி முக்காலிமேல், பேட்டரிப் பெட்டியோடு, சுற்றிலும் தூசியில்லாமல் அது ஓடிக்கொண்டிருந்தது. தலையில் பச்சைப் பொட்டலம். மே மாதம் சோதித்துவிட்டு நான் அணைக்காமல் போன ஸ்கிரிப்ட், பழைய பாஸ்வேர்டை வைத்துக்கொண்டு விடாமல் தட்டிக்கொண்டிருந்தது. பாஸ்வேர்டு மாறும்வரை அதுவும் என் பெயரில் ஒழுங்காக உள்ளே போய் வந்திருக்கிறது. ஒரு பெயர் இரண்டு இடத்திலிருந்து வரலாம், தடையில்லை.

"மேஜை மாத்தினப்போ இதை மட்டும் யாரும் அணைக்கலக்கா," என்றாள் லி-சுவான். "நாலு பேரு பேட்டரியோட சேத்துத் தூக்கிட்டு வந்தாங்க. கிடங்குக்காரர் முன்னாடி நடந்து வழிவிடு வழிவிடுன்னு..." சாமி பல்லக்கு மாதிரி கொண்டுவந்திருக்கிறார்கள்.

"இது என்ன மெஷின்னு ஒருத்தர்கூடவா கேக்கல?"

"பச்சை இருந்துச்சே. யாரு கேப்பா?"

பொட்டலத்தை எடுத்துப் பார்த்தேன். மே மாதத்தில் வைத்ததற்குத் தேதி முடிந்திருக்க வேண்டும். இது புதுசு. பின்னாலிருந்து முதலாளியம்மாவின் குரல்: "நான்தான் மாத்தினேன். படையல் அன்னிக்கு. பழசாப் போச்சேன்னு." பிறகு, "பட்டியல்ல ஒன் பேரு ரெண்டு தடவ இருந்துச்சு. சரி, ரெண்டாள் வேலை பாக்குறா போலன்னு நெனச்சேன்."

லி-சுவான் முதலில் சிரித்தாள். பிறகு ஆ-கெங். நானும் சிரித்தேன், பிறகு அது சிரிப்பாக இல்லை. சரக்கு அறைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். முதலாளியம்மா தோளில் கைவைத்து, "போ, நாளையிலேருந்து வீட்டுலேருந்தே பாரு. எம்மேலதான் தப்பு," என்றார்.

"வீட்டுல யாரும்மா இருக்கா?" என்றேன்.

பிளக்கை நானே பிடுங்கினேன்.

செப்டம்பர் 20

அண்ணிக்குப் போன் போட்டு, அவரைத் திரும்பக் கூட்டி வரப்போகிறேன் என்றேன். "வெளையாட்டா பீ-யுன்? கொண்டுபோய் விட்டு ஒரு வாரம் ஆகல! போனா அந்த இடம் திரும்பக் கெடைக்குமா?" நல்லாத் திட்டினார். மூச்சு வாங்க நிறுத்தியபோது, "திட்டுங்க அண்ணி, தகும். ஆனா சனிக்கிழமை வேன் வேணும்," என்றேன். வேனை அவரே ஏற்பாடு செய்தார்.

செப்டம்பர் 23

கூட்டி வந்துவிட்டேன். மெலிந்திருக்கிறார். வழியில் எந்த நிறுத்தத்திலும் கை எழவில்லை. மோதிரத்தைப் போட்டுவிட்டேன், விரலில் சுழல்கிறது.

"இனிமே எங்கயும் இல்ல" என்று சொல்ல வந்தேன். சொல்லவில்லை. எந்த மூஞ்சியோடு சொல்வது?

செப்டம்பர் 25

எட்டு மணிக்குப் பச்சை. ஸ்கிரிப்டை மறுபடி போட்டுவிட்டேன். தாமரை வந்தது. எல்லாம் பழையபடி, இவரைத் தவிர.

செப்டம்பர் 29

நிலா விழா. தெரு முழுக்கக் கறி சுடும் புகை. பம்ப்ளிமாஸ் தோலைத் தொப்பி மாதிரி உரித்து இவர் தலையில் வைத்தேன், வருஷா வருஷம் அவர் என் தலையில் வைப்பது. எடுக்கவும் இல்லை, சிரிக்கவும் இல்லை.

மத்தியானம் லைன் அறுந்து சிவப்பு வந்தது. நான் அடுப்படியில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். ஒன்றுமில்லை. எட்டிப் பார்த்தால் கண் திரைமேல்தான் இருக்கிறது. பார்க்கிறார், தட்டவில்லை. ஸ்கிரிப்ட் தானே கட்டிக்கொண்டது. அது எத்தனை தடவை அறுந்தாலும் நிமிஷத்தில் கட்டிக்கொள்ளும். இதை எப்படிக் கட்டுவது?

அக்டோபர் 3

சிவப்பு. சத்தமில்லை.

அக்டோபர் 6

வேண்டுமென்றே வயரைப் பிடுங்கிப் பார்த்தேன். வெட்கம் கெட்ட வேலை. அவர் என்னைப் பார்த்தார், வயரைப் பார்த்தார், சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அக்டோபர் 9

முதுகு துடைக்கும்போது சொல்லிவிட்டேன். முகத்தைப் பார்க்காமல் சொல்வது கொஞ்சம் சுலபம். "சத்தியம் பண்ணிட்டு விட்டுட்டு வந்தேன். எனக்கு வேற வழி தெரியல. நீ தட்டுனாலும் சரி, தட்டலைன்னாலும் சரி, நான் இங்கதான் இருப்பேன்." முதுகு மூச்சில் ஏறி இறங்கியது. துண்டைப் பிழிந்து காயப்போட்டேன்.

அக்டோபர் 17, செவ்வாய்

காலையில் சர்க்கரைவள்ளிக் கஞ்சி கிளறிக்கொண்டிருந்தேன்.

டங்.

கரண்டி கையிலேயே நின்றுவிட்டது. தெருவில் ஏதாவதா? மேல்வீட்டுப் பாத்திரமா?

டங். டங்.

'பாத்துட்டேன்' என்று கத்தவில்லை. வாசற்படியில் நின்று பார்த்தேன். திரையில் சிவப்பு. கட்டில் கம்பியில் அவர் விரல், சுழலும் மோதிரத்தைக் கட்டைவிரலால் பிடித்துக்கொண்டு இன்னொரு தட்டு. என்னை முறைத்தார். பழைய முறைப்பு, சிக்னலில் நிற்காமல் போகிறவனை முறைப்பாரே அது. நான் ஓடவில்லை. ஸ்கிரிப்டை நிறுத்தி வைத்துவிட்டு, சிவப்பு இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும் என்று கட்டிலிலேயே உட்கார்ந்துகொண்டேன். அவர் தட்டிக்கொண்டே இருந்தார். கஞ்சி அடிப்பிடித்துவிட்டது.

முதலாளியம்மாவிடமிருந்து செய்தி: 'எட்டாச்சு. ஒன் பேரைக் காணோம்?'

'இருக்கேன்மா' என்று எழுதினேன். அழித்துவிட்டு மறுபடி எழுதினேன்.

'ரெண்டு பேரும் இருக்கோம்.'